அம்மனுக்கு விட்ட கார்

சங்கரன்கோவில் தெற்குத் தெருவிலும் அதைச் சூழ்ந்த பூமண்டலத்திலும் வாழும் சகல ஜீவராசிகளும் அறிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 1953ஆம் வருஷம், ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள் காலை எட்டரை மணிக்கு, நாறும்பூநாத பிள்ளை தம்முடைய காரைக் கைவிடுவது என்று தீர்மானித்தார். கொரியாவில் சண்டை நிற்குமா நிற்காதா என்று அன்றைய பேப்பரில் தெளிவாகப் போடவில்லை. தெற்குத் தெருவில் எல்லாம் தெளிவாகிவிட்டது.

தீர்மானத்தைப் பிள்ளை தம் வீட்டு முற்றத்தில் நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு வெளியிட்டார். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மனைவி காந்திமதியம்மாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருவன் டிரைவர் துரைப்பாண்டி; காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.

"கைவிடுததுன்னா?" என்றாள் காந்திமதியம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இனிமே அது நமக்கு வேண்டாம்னு விட்டுருதது."

"அது உங்கள எப்பவோ விட்டுட்டே."

காருக்கு அடியிலிருந்து ஒரு இருமல் வந்தது. துரைப்பாண்டி சிரித்தால் இருமல் மாதிரிதான் வெளியே வரும். பதினெட்டு வருஷமாக அங்கே சம்பளம் வாங்குகிறவன். அந்த வித்தை கைவந்திருந்தது.

1931இல் அந்தக் கார் தெற்குத் தெருவுக்குள் நுழைந்தபோது குழந்தைகள் பயந்து அழுதார்கள் என்பது பிள்ளையின் கூற்று. இப்போது குழந்தைகள் சிரித்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டுக் கரிவாயுவில் ஓட்டினார்கள். அடுப்பைக் கழற்றி எட்டு வருஷமாகியும், அது இருந்த இடத்தில் பிடித்த துரு தன் உத்தியோகத்தை ராஜினாமா செய்யவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் ரோடு ஓடுவது தெரியும். பிள்ளை அந்த ஓட்டைக்கு மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகைக்கு மேல் ஜமுக்காளத்தை விரித்து, ஜமுக்காளத்துக்கு மேல் தம் பாதங்களை வைத்து, ராயகிரிக்கும் குருவிகுளத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். இடது பக்கக் கதவு திறக்காது. வலது பக்கக் கதவு மூடாது. அதைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கிளப்புவதற்கு நாலு பேர் தள்ள வேண்டும். நிறுத்துவதற்கு யாரும் வேண்டாம், அதுவாகவே நிற்கும்.

இத்தனை வருஷம் பொறுத்தவருக்கு இப்போது இருப்புக்கொள்ளாமல் போனதற்குக் காரணம், மதுரையிலிருந்து வந்த ஒரு கடிதம். இரண்டு வருஷத்துக்கு முன்பு பதிவு செய்து வைத்த புதுக் கார் வந்துவிட்டது; மே மாதம் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் வந்து, மீதிப் பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்; தவறினால் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும். இந்தக் கடிதத்தைப் பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் பதினைந்தாம் தேதி பதினைந்தாம் தேதியாகவே இருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்து மறுபடி உதறினார். காபி ஆறிப்போய் ஆடை படிந்தது. வாசலுக்கு வந்து ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார், கார் தானாகவே மதுரையிலிருந்து வந்துகொண்டிருக்கிற மாதிரி.

கொட்டகை ஒன்றுதான். புதியது வருவதற்குள் பழையது போயாக வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இத்தனை காலம் தாம் எதில் போய்வந்தோம் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அவருக்குக் கவலை. ஊருக்கு அது தெரியாது என்று அவர் நினைத்திருந்தார்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி மைதீன் பாட்சா. நிதானமான மனிதர். காரை ஒருமுறை சுற்றி வந்தார். மட்கார்டை விரலால் சுண்டினார். ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, மரியாதையாகக் காரின் மேலேயே வைத்தார்.

"நல்ல கனம் அண்ணாச்சி. அந்தக் காலத்துத் தகடுல்லா. எடைக்கு எடுத்துக்கிடுதேன்."

"எடைக்கா?"

"ஆமா. சீட்டு, ரப்பரு, கண்ணாடி எல்லாத்தையும் கழிச்சிட்டு."

பிள்ளையின் மூக்கு விடைத்தது. "வே பாட்சா, இது என்ன ஓட்டைக் குடமா, தராசுல ஏத்துததுக்கு? கலெக்டர் துரை ஏறின வண்டிவே இது."

"துரை எறங்கிட்டாருல்லா அண்ணாச்சி. இப்ப வண்டி மட்டுந்தான நிக்குது."

பாட்சா வெற்றிலை கூடப் போட்டுக்கொள்ளாமல் அனுப்பப்பட்டார். "ஒண்ணும் அவசரமில்ல, மனசு மாறினா ஆள் விடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதன்பின் பத்து நாள் யாரும் வரவில்லை. துரைப்பாண்டியை நாலு திசைக்கும் அனுப்பிப் பார்த்தார். திருவேங்கடத்தில் ஒருவர் ஹாரனை மட்டும் கேட்டார். பிள்ளை ராத்திரியெல்லாம் புரண்டார், பகலில் நடந்தார். நடந்து நடந்து ஒருநாள் காபி கிளப்பு வாசலில் சங்கரசுப்பிரமணியனின் கண்ணில் பட்டார்.

சங்கரசுப்பிரமணியனுக்குப் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரி இருந்தது. புதுக் கார் போன வருஷமே வந்துவிட்டது. மூன்று வருஷமாக முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டமும் அவருக்குத்தான். இந்த மூன்றில் எது தமக்கு அதிகமாக எரிகிறது என்று பிள்ளைக்கே நிச்சயமில்லை.

"என்னவே பிள்ளைவாள், கால்நடையா? தகரம் வெலபோச்சா?"

"விக்கிறதுக்கு அது என்னவே கத்திரிக்காயா? ஒரு யோசனையில இருக்கேன்."

"யோசிங்க, யோசிங்க. மழைக்கு முன்னால யோசிச்சிரும். நனைஞ்சா கரைஞ்சிரும்."

கிளப்பு முழுவதும் சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். பிள்ளை அப்போது உண்மையில் எந்த யோசனையிலும் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில், கோயில் பந்தலுக்குக் கால் நடுவதைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. வந்த வேகத்தில் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தெற்குத் தெரு முப்பிடாதி அம்மன் கோயிலுக்குச் சித்திரைக் கடைசிச் செவ்வாயில் கொடை. நேர்ச்சை விடுகிறவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு, ஆடோ கோழியோ பாத்திரமோ கொண்டுவந்து விடுவார்கள். விடுகிற பொருளின் மதிப்பை ஒரு சீட்டில் அவரவரே எழுதிக் கொடுக்க வேண்டும். யாருடைய சீட்டில் பெரிய தொகையோ அவருக்கு முதல் பரிவட்டம். வியாழக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். சீட்டில் எழுதிய மதிப்புதான் ஏலக் கேள்வியின் ஆரம்பம். கடைசிப் பொருள் ஏலம் போகிறவரை யாருக்கும் காப்பு அவிழ்க்க மாட்டார்கள். காப்போடு ஊர் எல்லையைத் தாண்டவும் கூடாது. இதெல்லாம் யார் வகுத்த சட்டம் என்று கேட்டால், தர்மகர்த்தா தில்லைநாயகம், "எங்க அப்பா சொன்னாரு" என்பார். அவர் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பிள்ளை தில்லைநாயகத்திடம் போய்ச் செய்தியைச் சொன்னார். தில்லைநாயகம் காதைக் குடைந்துகொண்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

"காரா? அம்மனுக்கு எதுக்குவே காரு?"

"அம்மன் ஆட்டையும் கோழியையும் வச்சிக்கிட்டு என்ன செய்யுதா? அதே மாதிரிதான். ஏலத்துல போவட்டும்."

"ஓடுமா?"

"பக்தியோட விடுத பொருளப் பாத்து ஓடுமா நடக்குமான்னு கேக்கலாமாவே?"

தில்லைநாயகம் கன்னத்தில் போட்டுக்கொண்டு சீட்டை நீட்டினார். பிள்ளை பேனாவைத் திறந்தார். போன வருஷம் சங்கரசுப்பிரமணியன் விட்ட வெண்கல மணிக்கு எண்ணூறு ரூபாய் எழுதியிருந்தார். ஆயிரம் எழுதினாலே பரிவட்டம் நிச்சயம். ஆனால் கலெக்டர் ஏறின கார். முதன்முதலில் தெருவுக்கு வந்த கார். எடைக்கு என்று ஒருவன் வாய்கூசாமல் கேட்ட கார். ஐயாயிரம் என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். தில்லைநாயகம் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். காப்பைக் கட்டிவிட்டார்.

"ஐயாயிரமா?" என்றாள் காந்திமதியம்மாள். "உள்ள யாரையும் வச்சா குடுக்கிய?"

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. காரும் போச்சு, பரிவட்டமும் வந்தாச்சு. வியாழக்கிழமை மத்தியான ரயிலுக்கு மதுர. வெள்ளிக்கிழமை புது வண்டியில வந்து எறங்குதேன் பாரு."

செவ்வாய்க்கிழமை கார் அம்மனிடம் புறப்பட்டது. விளக்குக் கண்ணாடி இரண்டிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். மூடாத கதவில் வாழைக்குலை கட்டியதால் கயிறு தெரியவில்லை. முன்னால் நாதஸ்வரம், பின்னால் தள்ளுகிற எட்டுப் பேர், நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு துரைப்பாண்டி. ஓட்டுகிறவனுக்குரிய முகத்தை அவன் கடைசிவரை விடவில்லை. அந்தி நேரத்தில் பிள்ளையின் தலையில் முதல் பரிவட்டம் கட்டினார்கள். சங்கரசுப்பிரமணியனுக்கு இரண்டாவது. பிள்ளை பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்க்கவேயில்லை; ஆனால் கண்ணின் ஓரத்தால் முழுவதும் பார்த்தார். பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அன்றைக்கு ஒரே இடத்தில் அரைமணி நேரம் அசையாமல் நின்றார்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மடியில் மதுரைப் பணம். போன வருஷத்துக் கரிசல் பருத்தி முழுவதும் அந்த மடிக்குள் இருந்தது. அதைத் தவிர வீட்டில் ரொக்கம் என்று எதுவும் கிடையாது. ஒரு மணிக்கு ரயில். துணிப்பெட்டியைத் துரைப்பாண்டி பந்தல் காலோடு சாய்த்து வைத்திருந்தான். பிள்ளை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

சேவல்கள் போயின. ஆடுகள் போயின. குத்துவிளக்கு, அண்டா, தேங்காய் எல்லாம் போயின. பதினொரு மணிக்குப் பந்தலில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதற்குத் தனியாக நிழல்கூட இருந்தது.

தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார். "நாறும்பூநாத பிள்ளைவாள் விட்ட காரு. மதிப்பு ஐயாயிரம். கேக்கிறவங்க கேக்கலாம்."

ஏலம் போன ஆடு ஒன்று கத்தியது.

"அது கேள்வியில்ல," என்றார் தில்லைநாயகம். "மனுசங்க கேக்கலாம்."

மனுசங்கள் கேட்கவில்லை. வெயில் ஏறியது. மூன்று தடவை கூவியாயிற்று. பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மைதீன் பாட்சாவிடம் போனார்.

"என்னவே பேசாம நிக்கேரு? அன்னைக்கு வீடு தேடி வந்தீரே."

"அன்னைக்கு அது ஒங்க வண்டி அண்ணாச்சி. இன்னைக்கு அம்மன் வண்டி. குங்குமம் வச்சி, சூடம் காட்டியாச்சு. அதக் கொண்டுபோயி நான் சம்மட்டியால அடிச்சா, ஊரு என்னைய அடிக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவுமில்லாம, ஐயாயிரத்துக்கு நான் தூத்துக்குடியில கப்பலே எடுத்துருவேன்லா."

பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. காப்புக் கட்டினவர்கள் முப்பது பேருக்கு மேல்.

"எம் மக பிள்ளத்தாச்சியா திருவேங்கடத்துல கெடக்கா. காப்ப அவுத்தா நான் போவேன்," என்றாள் ஒருத்தி.

"சேவலுக்கு ஒரு ரூவா எழுதினேன், எட்டணாவுக்கு மேல பெறாதுன்னு நானே மதிப்பைக் கொறச்சிச் சொல்லி வித்தாச்சு. இங்க ஒரு காரு நிக்குது மலை மாதிரி," என்றான் ஒருவன்.

அப்போதுதான் சங்கரசுப்பிரமணியன் எழுந்தார். வேட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். "தர்மகர்த்தாவே, எல்லாரும் பசியோட இருக்காங்க. அவன் சேவலுக்குச் செஞ்ச மாதிரி பிள்ளைவாளும் செஞ்சா முடிஞ்சுபோச்சு. மதிப்பு தப்பாப் போட்டுட்டேன், அம்பது ரூவாயில ஆரம்பிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே எடுத்துக்கிடுதேன்."

"நீரா? எதுக்குவே?" என்றார் தில்லைநாயகம்.

"பாக்டரியில கோழி அடைக்க எடமில்ல."

சிரிப்பு பந்தலின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. மேளக்காரர் மேளத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

பிள்ளைக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. நாலு வார்த்தை. மதிப்பு தப்பு, ஐம்பது போடுங்க. அதைச் சொல்லிவிட்டால் காப்பு அவிழும். ஒரு மணி ரயில். நாளைக்குக் காலையில் மதுரை. சாயங்காலம் பளபளவென்று புதுக் கார், மூடுகிற கதவு, திறக்கிற கதவு, காலுக்குக் கீழே தகடு. கோழி அடைத்தால் அடைத்துவிட்டுப் போகட்டும். பெண்கள் பக்கத்திலிருந்து காந்திமதியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தொலையுங்க என்று அவள் உதடு அசைந்தது. அவர் ஓர் அடி முன்னால் வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். வாயைத் திறந்தார்.

"ஐயாயிரத்து ஒண்ணு!"

யார் கத்தினது என்று பிள்ளையே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

"ஐயாயிரத்து ஒண்ணு," என்றார் தில்லைநாயகம், சட்டப்படி. "ஒருதரம்."

பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார்.

"ரெண்டுதரம்."

அந்த இடைவெளியில் அவர் கண் ஒவ்வொரு முகமாகப் போயிற்று. இவ்வளவு பெரிய உலகத்தில், ஒருவேளைச் சோறு தின்கிற யாராவது ஒரு மூடன், ஐயாயிரத்து இரண்டு என்று சொல்ல மாட்டானா? சங்கரசுப்பிரமணியனைக்கூடப் பார்த்தார். சங்கரசுப்பிரமணியன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "நமக்கு அவ்வளவு வசதி ஏது பிள்ளைவாள்."

"மூணுதரம்!"

மேளம் கொட்டியது. குலவை எழுந்தது. ஏலப் பணத்தை அங்கேயே அம்மன் முன்னால் வைத்தாக வேண்டும். பிள்ளை மடியை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது விரல்கள் முடிச்சிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. காப்பு அவிழ்த்த கூட்டம் ஐந்தே நிமிஷத்தில் கலைந்தது. பிள்ளத்தாச்சியின் தாய் போகிற போக்கில் பிள்ளையின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு ஓடினாள். "கொடைன்னா இவருல்லா கொடை" என்று ஒரு கிழவர் உரக்கச் சொன்னார். பிள்ளையின் முதுகு அதைக் கேட்டு நிமிரப் பார்த்தது. முடியவில்லை.

"ஐயா," என்றான் துரைப்பாண்டி, துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு. "அந்த ஒண்ணு எதுக்கு? ஐயாயிரத்துக்கே கேட்டிருக்கலாமே. எதிர்க்க ஆளே இல்லயே."

"ஏலே, அம்மனுக்கு ஒத்தப்படையாத்தாம்ல குடுக்கணும்."

துரைப்பாண்டிக்கு இருமல் வந்தது. அவன் பெட்டியைக் காரின் பின் சீட்டில் வைத்தான். தள்ளுவதற்கு இந்த முறை எட்டுப் பேர் கிடைக்கவில்லை; எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நாலு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் மைதீன் பாட்சா. காந்திமதியம்மாள் பின்னால் கொஞ்சம் தள்ளி, வேறு யாருடனோ வருகிற மாதிரி நடந்து வந்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு மணி வண்டியின் ஊதல் கேட்டது. பிள்ளை சட்டென்று கடிகாரத்தை எடுத்தார். பிறகு அதைப் பார்க்காமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பலகையின் மேல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரைக் காரை வரிசையில் அடுத்தவர் எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை நாறும்பூநாத பிள்ளை, கொட்டகையில் நின்ற காரை விட்டுவிட்டு, குருவிகுளத்துக்குப் பஸ்ஸில் போனார். டிக்கெட் ஆறணா.